பகா கொமினிகேசன்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துபோய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இத்தனை வருடம் பக்கத்துக் கடையில் இருந்த ஒருவரின் பெயரை மறக்கும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. எழுதாததற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாம்.

திருகோணமலையில் உள்துறைமுகப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில், வள்ளங்களுக்கு எஞ்சினும் உதிரிப்பாகமும் விற்கிற கடை என்னுடையது. வாப்பா தொடங்கியது. கிண்ணியாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புகிறவன் நான். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒற்றைக் கல் சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் அவருடைய போட்டோக் கொப்பி மெசின் ஓடினால், இந்தப் பக்கம் என் அலுமாரியில் இருக்கிற பிளக்குகள் நடுங்கும். கொப்பி எடுப்பது, விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, இவைதான் அவருடைய வியாபாரம். கம்பஸில் கணிதம் படித்து நல்ல பெறுபேறோடு வந்த பெண் ஏன் இந்தப் பெட்டிக்கடைக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று ஊர் முழுக்கக் கேட்டது. ஊர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிற ஆள் இல்லை அவர். ஒரு நாளும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்ததில்லை, ஆனாலும் எல்லாரும் ‘மிஸ்’ என்றே கூப்பிட்டோம். என்னை அவர், முஸ்லிம் அண்ணன்மாரை இந்தப் பக்கம் கூப்பிடுவதுபோல, ‘நானா’ என்பார்.

கடை திறந்த அன்று நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் பெயர் ஏறியது: ‘பகா கொமினிகேசன்’. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பகா என்பது எங்கள் மௌலவிமார் வாயில் அடிக்கடி வருகிற அறபுச் சொல். அழியாமல் நிலைத்திருப்பது என்று அர்த்தம். கிண்ணியாவிலிருந்து வருகிற பெண்கள் பலகையைப் பார்த்துவிட்டு, “நம்மட கடை” என்று சொல்லிக்கொண்டு நேரே அவரிடம் ஏறினார்கள். கணவனோடு என் கடைக்குள் வந்து ஐந்து நிமிடம் நின்று பேசிவிட்டுப் போகிறவர்கள்கூட இப்போது அங்கேதான் நின்றார்கள். சல்லி என்கிற தமிழ் மீன்பிடிக் கிராமத்திலிருந்து கருவாடு கொண்டுவருகிற அம்மா ஒருவர், அது பகவதியைச் சுருக்கி எழுதியது என்று நினைத்துப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை என் கண்ணாலேயே கண்டேன்.

மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் போய்க் கேட்டேன்.

“மிஸ், பகா எங்கட சொல்லுத்தானே? எங்கட ஆக்களை இழுக்கவா வைச்சீங்க?”

“உங்கட சொல்லா? என்ன அர்த்தம் நானா?”

சொன்னேன். அவருடைய முகத்தில் வந்த சந்தோசத்தை என்னால் விபரிக்க ஏலாது.

“அட! நிலைச்சு நிக்கிறதா? அதுவும் சரிதான். நான் வைச்சது பகா எண்ணை. பகுக்க ஏலாத எண். ஒண்டால வகுக்கலாம், தன்னால வகுக்கலாம், வேற ஆர் வந்து வகுத்தாலும் மிச்சம் வைச்சிடும்.”

“அப்ப பகவதி?”

“அவவும் இருந்திட்டுப் போகட்டும்” என்றார் மிஸ்.

அந்தப் பலகையோடு இன்னொரு சண்டையும் வந்தது. எங்கள் நாட்டுப் பாடப்புத்தகத்தில் அந்த எண்ணுக்கு ‘முதன்மை எண்’ என்று பெயர். டியூசன் மாஸ்டர் ஒருவர் பரீட்சைத் தாள் கொப்பி எடுக்க மாதா மாதம் வருவார். நல்ல மனுசன், தலைக்கனம் மட்டும் கொஞ்சம் கூட.

“பகா எண் எண்டுறது இந்தியாக்காரன்ர சொல்லு, மிஸ். இங்க முதன்மை எண். போர்டை மாத்துங்க.”

“முதன்மை எண்டா அது ஆருக்குத் தலைவர்?”

“புத்தகத்தில அப்பிடித்தானே கிடக்கு.”

“அது ஒருத்தருக்கும் தலைவரில்ல சேர். வகுக்க வந்தவனைப் பாத்து ஏலாது எண்டு சொல்லுற எண். எந்தத் தலைவர் அப்பிடிச் சொல்லியிருக்கிறார்?”

மாஸ்டர் அதற்குக்கூடச் சிரித்திருப்பார். அன்று அவர் கொண்டுவந்த தாள்தான் வினையாகிப்போனது. முதன்மை எண் ஒன்றை எடுத்து, அத்தனை இரண்டுகளைப் பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் வருவதும் முதன்மை எண்தான் என்று தாளில் ஒரு வரி. மிஸ் மெசினை நிறுத்திவிட்டார்.

“இது பிழை சேர்.”

“என்ன பிழை? மூண்டுக்குப் போட்டா ஏழு. அஞ்சுக்கு முப்பத்தொண்டு. ஏழுக்கு நூற்றி இருபத்தேழு. எல்லாம் சரியா வருது.”

“பதினொண்டுக்கு வகுத்துப் பாத்தீங்களா?”

மாஸ்டர் பார்க்கவில்லை. மிஸ் தாளின் ஓரத்தில் 2047 என்று எழுதி, அதன் கீழே 23, 89 என்று எழுதினார். இரண்டையும் பெருக்கினால் அது வருமாம். பதினொன்று பகா எண்தான், ஆனால் அது பெற்றது பகா எண் இல்லை.

“மிஸ், நீங்க கொப்பி எடுக்கத்தானே கடை வைச்சிருக்கிறீங்க?”

“ஓம். ஆனா பிழையைக் கொப்பி எடுக்க ஏலாது. ஒண்டு நூறாகிடும்.”

மாஸ்டர் தாளைப் பிடுங்கிக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கிற வேறு கடைக்குப் போனார். பிறகு வரவேயில்லை. வந்த வாடிக்கையாளரை விரட்டிவிட்டீர்களே என்று நான் ஏசினேன். “பிழையை நூறு பிள்ளைகளின்ர கையில குடுக்கவா?” என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்.

‘வகுத்துப் பாத்தீங்களா?’ என்பதுதான் அவர் வாயில் எப்போதும் இருந்த கேள்வி. இறால் விலை ஏறப்போகிறது என்று நான் சொன்னால், “வகுத்துப் பாத்தீங்களா நானா?” இன்னார் வீட்டுப் பெண் இன்னாரோடு ஓடிப்போனாளாம் என்று கடையில் யாராவது குசுகுசுத்தால், “வகுத்துப் பாத்தீங்களா அக்கா?” அதைக் கேட்டால் வாயில் இருந்த கதை தொண்டைக்குள்ளேயே திரும்பிப் போய்விடும். அவருக்கு முன்னால் வம்பளக்க எங்களில் ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கவலையும் உண்டு.

அவருக்கு உயிரான எண் ஒன்று இருந்தது. 2147483647. கறுப்பு மார்க்கரால் மெசினின் மூடியிலேயே எழுதி வைத்திருந்தார். முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. பதினொன்று ஏமாற்றியதுபோல முப்பத்தொன்று ஏமாற்றவில்லையாம். இருநூற்றுப் பதினான்கு கோடிக்கு மேலே போகிற அந்த எண் பகா எண் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்கிறதாம். அப்படியானால் அத்தோடு விட வேண்டியதுதானே? விடமாட்டார். நானே வகுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாரி முழுக்க இறங்கிவிட்டார்.

“இருநூறு கோடி எண்ணாலயும் வகுக்கப் போறீங்களா மிஸ்? மௌத்தாகும் வரைக்கும் முடியாதே.”

“தேவையில்ல நானா. உங்கட கடையில இருக்கிற நட்டையெல்லாம் வரிசையா அடுக்கிறீங்க எண்டு வைங்க. வரிசை நீளமெண்டா வரிசைகள் குறையும். நீளமும் அகலமும் சமனா வாற இடம் ஒண்டு இருக்குத்தானே, அது வரைக்கும் பாத்தாப் போதும். அதுக்கு அங்கால வாறதெல்லாம் முதல் வந்த ஆளின்ர சோடி.”

அந்த இடத்துக்குப் பெயர் வர்க்கமூலம். இந்த எண்ணுக்கு அது நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம். அவ்வளவும்கூட வேண்டியதில்லையாம். அறுபத்திரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிற பகா எண்கள் மட்டுமே இதை வகுக்க ஆசைப்படலாம், மற்றவற்றுக்குக் கேற்றைத் திறக்கவே தேவையில்லை என்றார். அதேன் அப்படி என்று கேட்டேன். அதைச் சொன்னால் நான் கிண்ணியா பஸ்ஸைத் தவறவிடுவேன் என்றார். முதலாவதாகக் கேற்றுக்கு வந்தது முந்நூற்றுப் பதினொன்று. மிச்சம் வைத்துவிட்டுப் போனது. பிறகு முந்நூற்று எழுபத்து மூன்று. அதுவும் போனது. பழுதாய்ப்போன கொப்பித் தாள்களின் பின்பக்கம் முழுக்க வகுத்தல் கணக்கு. ரீலோட் போட வந்தவரிடம், “கொஞ்சம் பொறுங்க தம்பி, ஒருத்தர் வாசலில நிக்கிறார்” என்பார். தம்பி வாசலைத் திரும்பிப் பார்ப்பான். அங்கே மழைதான் நிற்கும்.

இந்த ஊர் மான்களைப் பற்றி வெளியூர்க்காரருக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். கோட்டைக்குள் இருந்து நடைபாதைக்கு வந்து, பஸ் நிலையத்தில் படுத்து, குப்பையில் கிடக்கிற கடதாசியெல்லாம் தின்னும். ஒருநாள் மிஸ் தேநீர் குடிக்கப் போன நேரம், ஒரு கலைமான் கடைக்குள் தலையை நீட்டி மேசையில் கிடந்த தாள்களை ஒரு வாயில் இழுத்துக்கொண்டது. ஒன்பதாயிரம் வரை வகுத்து வைத்திருந்த கணக்கு. நான் கம்பியோடு ஓடி வந்தபோது அது வாயில் ஒரு மூலை தொங்க, என்னை ஏறிட்டுப் பார்த்து மென்றது. நானாக இருந்தால் அழுதிருப்பேன். மிஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மானைப் பார்த்தார்.

“ஆருக்கும் பகாத எண்ணை முழுசா விழுங்கிட்டுது. உன்ர வயித்துக்கும் அது பகாது, போ.”

அன்று மாலையே முந்நூற்றுப் பதினொன்றிலிருந்து திரும்பத் தொடங்கினார். மாரி முடிய முன் முடித்தார். வந்த எல்லாம் மிச்சம் வைத்துவிட்டுத்தான் போயினவாம். மெசின் மூடியில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சரி போட்டார். உலகத்துக்கு அதனால் ஒரு சதப் பிரயோசனமும் இல்லை. அவர் அன்று எல்லாருக்கும் இனிப்புத் தொதல் வாங்கிக் கொடுத்தார்.

கலியாணம் பற்றிக் கேட்காமல் இந்த ஊர் ஒருவரை விடுமா? அன்புவழிபுரத்தில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி கடைக்கே வந்து, எல்லாருக்கும் முன்னால் கேட்டார். வந்த சம்பந்தங்களையெல்லாம் ஏன் தட்டிவிடுகிறாய் என்று. மிஸ் மெசினில் தாளை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

“வர்க்கமூலம் வரைக்கும் பாத்திட்டன் அக்கா. அதுக்கு அங்கால வாறதெல்லாம் முதல் வந்த ஆக்களின்ர சோடிதான்.”

நட்டை அடுக்கிப் படித்தவன் நான் ஒருவன்தான் அங்கே இருந்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் வயிறு நோகச் சிரித்தேன். வீட்டுக்காரி, வர்க்கமூலம் என்பது மூலவியாதியில் ஒரு வகை என்று நினைத்துவிட்டுப் பரிதாபத்தோடு போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கடை அறையை வாடகைக்கு விட்டிருந்த முதலாளியோடும் ஒரு தடவை முட்டிக்கொண்டார். மிஸ்ஸின் அறையை பிளைவூட் போட்டு இரண்டாக்கி, பாதியை லொத்தர்ச் சீட்டு விற்கிறவருக்குக் கொடுக்க முதலாளி தச்சனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மிஸ் தன் சிவப்பு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கி, தச்சன் சோக்குக் கட்டியால் கோடு போட்ட அதே இடத்தில் வைத்து உட்கார்ந்துகொண்டார். கொப்பி எடுக்க வந்தவர்களே மெசினை அமத்திக்கொண்டார்கள். தச்சன் மத்தியானம் வரை நின்று பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனவன் திரும்பி வரவில்லை. பிடிவாதத்துக்கு இப்படி ஒரு பிறவி இருக்குமா என்று நான் என் பெண்சாதியிடம் போய்ச் சொன்னேன். எனக்கு அப்போது அது வெறும் பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

எண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. வள்ளங்களுக்கு மண்ணெண்ணெய் அளந்து கொடுக்க, ஐசி என்று நாங்கள் சொல்கிற அடையாள அட்டையின் எண்ணை வைத்துக் கணினியில் பதிந்தார்கள். யாரோ ஒரு கம்பனி செய்து கொடுத்த பதிவு. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் மேசை போட்டிருந்தார்கள். என் பெண்சாதியின் தம்பி, என் மச்சான், இறக்கக்கண்டியில் பெண் எடுத்து அங்கேயே தொழில் செய்கிறவன். அவனுக்குச் சொத்து என்று இருந்தது ஒரு வள்ளமும் ஒரு எஞ்சினும், பசியோடு இரண்டு பிள்ளைகளும்தான். அவன் தன் அட்டையை நீட்டியபோது, இந்த எண்ணுக்கு எண்ணெய் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்று கணினி சொன்னது. ஒரு சொட்டும் அவன் வாங்கியிருக்கவில்லை.

பார்த்தால், அதே எண்ணில் சல்லியைச் சேர்ந்த ஒருவரும் பதிவாகியிருக்கிறார். அவரும் அந்த வரிசையிலேயே நின்றார். அட்டையில் இருப்பதும் திரையில் வந்ததும் ஒன்றுதானா என்று அந்த நேரத்தில் ஒருவரும் ஒத்துப் பார்க்கவில்லை.

“என்ர நம்பரைக் களவெடுத்தது நீதான்.”

“நானோ? உங்கட ஆக்களுக்குத்தான் அந்தப் பழக்கம்.”

உங்கட ஆக்கள் என்ற சொல் விழுந்ததும் இருவருக்கும் பின்னால் பத்துப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மேசையில் இருந்த அலுவலர் எழுந்து, இரண்டு பேரும் கூட்டுக் களவு, இருவருடைய தொழில் அனுமதியும் நிறுத்தம், பொலிசில் முறைப்பாடு என்று அறிவித்தார். அனுமதி போனால் வள்ளம் கடலைப் பார்க்காது. மச்சான் எனக்குப் போன் எடுத்து அழுதான். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, ஒரு முறைப்பாட்டுக் கடிதம் அடித்து வாங்க மிஸ்ஸிடம் ஓடினேன்.

“என்ன நம்பராம்?” என்று கேட்டார்.

மச்சான் கணினித் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். காட்டினேன். மிஸ் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார்.

“என்ன மிஸ், அங்க சனம் அடிபடப் போகுது, நீங்க சிரிக்கிறீங்க!”

“இவரை எனக்குத் தெரியும், நானா.”

மெசின் மூடியைக் காட்டினார். 2147483647. சரி போட்ட அதே எண்.

“உங்கட மச்சானுக்கு ஐசி எப்ப எடுத்தது?”

“பழசு கடலுக்குள்ள போயிட்டு. புதுசு போன வருசம்.”

“சல்லியாளும் புதுசுதான் வைச்சிருப்பார். வாங்க.”

கடைக் கதவை இழுத்துப் பூட்டினார். சிவப்புக் கதிரையைத் தூக்கிக்கொண்டார். அதெதற்கு என்று நான் கேட்கவில்லை, நடக்கிற அவசரத்தில்.

மண்டபத்தில் அவர் நேரே மேசைக்குப் போனார்.

“சேர், இது ஒரு ஆளின்ரயும் நம்பரில்ல. உங்கட கணினிக்கு எண்ணத் தெரிஞ்ச கடைசி எண். உள்ளுக்குப் பூச்சியமும் ஒண்டும் போட முப்பத்தொரு இடம்தான் விட்டிருக்கு. எல்லா இடத்திலயும் ஒண்டைப் போட்டா வாறது இவர்தான்.”

அலுவலருக்கு விளங்கவில்லை. மிஸ் வரிசையைத் திரும்பிப் பார்த்து, ஒருவர் கையில் இருந்த எண்ணெய்க் கானை வாங்கி மேசையில் வைத்தார்.

“பழைய ஐசியில ஒன்பது இலக்கம். இந்தக் கானுக்குள்ள அடங்கும். புதுசில பன்னிரண்டு. ஊத்தினா வழியும். வழிஞ்சதை இது சொல்லாது, கான் நிரம்பின அளவை மட்டும் சொல்லும். ஆர் ஊத்தினாலும் அதே அளவுதான்.”

கானோடு நின்றவர்களுக்கு உடனே விளங்கியது. அலுவலர் மட்டும், “இதைக் கம்பனி சொல்ல வேணும். நீங்க சொல்லி நான் மாத்த ஏலாது” என்றார். கெட்ட மனுசன் இல்லை, மேலிடத்துக்குப் பயந்தவர்.

“மாத்த வேணாம். வகுத்துப் பாருங்க. இந்தாங்க என்ர ஐசி, பன்னிரண்டு இலக்கம். என்னையும் பதியுங்க.”

அவர் தயங்கித் தயங்கி அடித்தார். திரையில் வந்தது: 2147483647. எண்ணெய் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

“இப்ப நானும் கள்ளி” என்றார் மிஸ். “ஆரிட்டயெல்லாம் புது ஐசி இருக்கு? வாங்க.”

ஒருவன் நீட்டினான். அதே எண். இன்னொருவன். அதே எண். மண்டபத்தின் ஒரு மூலையில் சிரிப்புக் கிளம்பி எல்லாப் பக்கமும் பரவியது. சல்லிக்காரர் என் மச்சானைப் பார்த்தார்.

“அப்ப நீயும் நானும் ஒரே ஆளா?”

“கணினிக்கு அப்பிடித்தானாம்” என்றான் மச்சான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அலுவலர் என்னைத் தனியே கூப்பிட்டார். நான் கடை வைத்திருக்கிறவன், பத்துப் பேரைத் தெரிந்தவன் என்று அவருக்குத் தெரியும். “நானா, உங்கட மச்சானுக்கு மட்டும் இப்பவே கையால எழுதித் தாறன். முறைப்பாட்டில இருந்து பேரையும் எடுக்கிறன். மற்ற ஆக்களுக்குக் கொழும்பில இருந்து பதில் வரட்டும். சத்தமில்லாமக் கூட்டிக்கொண்டு போங்க.”

நான் ஓம் என்றேன். உடனேயே ஓம் என்றேன். எண்ணெய்க்கான துண்டுச் சீட்டையும் அங்கேயே எழுதித் தந்தார், வாங்கிக்கொண்டேன். என் வீட்டுப் பிள்ளைகள் பசியாக இருக்கிறபோது நான் ஊருக்கெல்லாம் யோசிக்கிறவன் இல்லை.

மிஸ்ஸுக்குக் காது கூர்மை.

“ஏலாது” என்றார்.

சிவப்புக் கதிரையை அலுவலரின் மேசைக்கும் வாசலுக்கும் நடுவில் வைத்து உட்கார்ந்தார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் அடக்க முடியாது. “மிஸ், உங்களுக்கு வள்ளம் இருக்கா? பிள்ளை குட்டி இருக்கா? உங்கட கணக்கு விளையாட்டுக்கு என்ர மச்சான்ர வயிறா கிடைச்சுது?” என்று கத்தினேன். அப்படிக் கத்தியதற்கு இன்றும் நான் வெட்கப்படவில்லை. அவர் கோபிக்கவும் இல்லை.

“நானா, இவர் ஒருத்தரை வெளிய எடுத்தா மிச்ச ஆக்கள் கள்ளர் எண்டு ஆகும். இண்டைக்கு இரவு சல்லியில என்ன கதைப்பாங்க? இறக்கக்கண்டிக்காரன் ஆளைப் பிடிச்சுத் தனக்கு மட்டும் எண்ணெய் வாங்கிக்கொண்டு போயிட்டான் எண்டு. பிறகு நீங்க எந்த வள்ளத்துக்கு எஞ்சின் விக்கப் போறீங்க? பிழை ஒண்டுதான். அதை ஆளாளுக்குப் பகுத்துத் திருத்த ஏலாது.”

மச்சான் என் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். சல்லிக்காரரைப் பார்த்தான். அந்த மனுசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சான் துண்டை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு, சிவப்புக் கதிரைக்குப் பக்கத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்தான்.

“மச்சான், நீங்க போய்க் கடையைப் பாருங்க. நான் இருக்கன்.”

சல்லிக்காரர் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கானை நிலத்தில் வைத்துவிட்டு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பழைய அட்டைக்காரர்களும், எண்ணெய் கிடைத்து முடிந்தவர்களும்கூட உட்கார்ந்தார்கள். கடைசியில் நானும் உட்கார்ந்தேன், வேறென்ன செய்ய. பன்னிரண்டு இலக்கமும் ஒன்பது இலக்கமும் கலந்து மண்டபம் நிறைந்தது. அஸர் பாங்கு சொன்னபோது, எங்களில் தொழப் போனவர்களின் இடத்தை மற்றவர்கள் காலை நீட்டி நிரப்பி வைத்திருந்தார்கள், வாசல் திறக்கக்கூடாது என்று. அலுவலர் கொழும்புக்கு எத்தனை தடவை போன் எடுத்தார் என்று தெரியவில்லை. பொழுது சாய்கிற நேரம் அவர் ஒரு எழுதும் கொப்பியைத் திறந்து, பன்னிரண்டு இலக்கக்காரர் எல்லாருக்கும் கையாலேயே துண்டு எழுதத் தொடங்கினார். முறைப்பாடும் கிழிந்தது. அடுத்த நாள் விடிய இறக்கக்கண்டியிலும் சல்லியிலும் வள்ளங்கள் ஒரே நேரம் இறங்கின. மச்சான் வலையில் வந்த முதல் பாரையைக் கொண்டுபோய் மிஸ் கடையில் தொங்கவிட்டான். மீன் வாடையில் ஒருவரும் அன்று கொப்பி எடுக்க வரவில்லை.

அதற்குப் பிறகும் அதிகம் பேர் வரவில்லை. அரசாங்கக் கந்தோர்களிலிருந்து கிடைத்துக்கொண்டிருந்த கொப்பி வேலையெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. பிரச்சினைக்காரப் பெண் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். முதலாளி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மிஸ் யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை. அறையைப் பாதியாக்கினால் இருக்கலாம் என்று முதலாளி கடைசியாகச் சொல்லிப் பார்த்தார். அவருக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மெசினை லொறியில் ஏற்றிய அன்று, நீலப் பலகையைக் கழற்றி என் கையில் தந்தார்.

“வைச்சுக்கொள்ளுங்க நானா. உங்கட சொல்லும்தானே.”

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பலகை என் கடையில், பிளக் அலுமாரிக்கு மேலே தொங்குகிறது. எஞ்சின் கடையில் இதென்ன கொமினிகேசன் என்று கேட்காதவர்கள் இல்லை. கதையைச் சொல்வேன். முழுக்கக் கேட்டுவிட்டு எல்லாரும் அடுத்ததாகக் கேட்பது ஒரே கேள்விதான்: “ஆள் என்ன பேர்? எந்த ஆக்கள்?” இந்த ஊரில் பெயரைச் சொன்னால் போதும். எந்தக் கோயில், எந்தப் பள்ளிவாசல், எந்தச் சேர்ச், எந்தப் பக்கம் என்று மறு நிமிடமே தட்டில் பிரித்து வைத்துவிடுவார்கள். சல்லிக்காரர்கள் அவர் தங்கள் ஆள் என்கிறார்கள். இறக்கக்கண்டியில் தங்கள் ஆள் என்கிறார்கள். ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை என்று சொல்கிறவர்களும் உண்டு. தாய் ஒரு பக்கம், தகப்பன் ஒரு பக்கம் என்பார்கள், எந்தப் பக்கம் யார் என்பதில் ஆளுக்கொரு கதை. எனக்கு உண்மை தெரியும். சொல்லமாட்டேன். என் கடைக்கு வந்து எத்தனை எஞ்சின் வாங்கினாலும் சொல்லமாட்டேன்.

எங்கள் ஊர் மௌலவியிடம் ஒருநாள் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். பகாவும், நான் கடையில் நாள் முழுக்கச் சொல்கிற பாக்கியும் ஒரே வேரில் பிறந்தவை என்றார். மிஞ்சி நிற்பது என்று அர்த்தமாம். மிஸ் இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

பெயரைத் தந்தால் அவரை வகுத்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். பெயர் இல்லாமலே வகுத்துப் பாருங்கள். கோயிலால் வகுங்கள், பள்ளியால் வகுங்கள், சேர்ச்சால் வகுங்கள். எதால் வகுத்தாலும் பாக்கி வரும்.